நாய்க்கு வயிறு கெட்டால்: அறிகுறியைப் பார்த்து உணவு கொடுக்கும் வழிமுறை

சொந்த நாய்கள், இடம் கிடைக்கும்வரை வீட்டில் தங்கவைத்துப் பார்த்துக்கொண்ட நாய்கள் என்று பல வருடங்களாக வாந்தியையும் பேதியையும் துடைத்துத் துடைத்துச் சேர்த்த குறிப்புகள் இவை. நாய்க்கு வயிறு சரியில்லை என்று யார் கூப்பிட்டாலும் முதலில் கேட்பது, "என்ன கொடுக்கலாம்?" நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: "வாந்தியா, பேதியா, இரண்டுமா? எத்தனை தடவை? குடித்த தண்ணீர் வயிற்றில் நிற்கிறதா?" இதற்குப் பதில் தெரியாமல் சோறும் கோழியும் வேகவைத்துப் பயனில்லை. சில நாய்க்கு அன்று சோறே ஆகாது. சில நாயை ஒரு வேளைகூடப் பட்டினி போடக் கூடாது.

உங்கள் நாயின் அறிகுறி எந்தத் தலைப்பில் வருகிறதோ அங்கே போங்கள். எளிய காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில் இருக்கும். ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

## கிண்ணத்தைத் தொடும் முன் ஐந்து நிமிடம்

ஈறு: மேல் உதட்டைத் தூக்கி, கோரைப் பல்லுக்கு மேலே விரலால் அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, "ஒன்று, இரண்டு" என்று எண்ணி முடிப்பதற்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். இரண்டு விநாடிக்கு மேல் ஆனாலோ, ஈறு வெளிறியிருந்தாலோ உடம்பில் ரத்த ஓட்டம் சரியில்லை. விரலுக்கு ஈறு வழவழப்பாக இருப்பது நல்லது. பிசுபிசுத்தால் நீர்ச்சத்து குறைகிறது. கறுப்பு ஈறு உள்ள நாய்க்குக் கண்ணின் கீழ் இமையை இறக்கி உள்பக்கத்து நிறத்தைப் பாருங்கள். இதை நாய் நன்றாக இருக்கும் நாளிலேயே இரண்டு மூன்று தடவை செய்து பழகிவிட வேண்டும். அதன் வழக்கமான நிறம் தெரியாமல் இன்று வெளுத்திருக்கிறதா என்று சொல்லவே முடியாது.

தோல்: தோள்பட்டைக்கு மேலே தோலைக் கிள்ளித் தூக்கி விடுங்கள். உடனே படிய வேண்டும். கூடாரம் மாதிரி நின்று மெதுவாக இறங்கினால் நீர் வற்றியிருக்கிறது. வயதான நாய்க்கும் மிக மெலிந்த நாய்க்கும் தோல் எப்போதும் மெதுவாகத்தான் படியும். அவற்றுக்கு ஈறையே நம்புங்கள்.

வயிறு: இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்துங்கள். கல் மாதிரி இறுகுகிறதா, திரும்பிப் பார்த்து உறுமுகிறதா, முன்காலைத் தரையில் நீட்டிப் பின்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறதா என்று கவனியுங்கள்.

காய்ச்சல்: மூக்கைத் தொட்டுப் பார்ப்பது வீண். ஆசனவாயில் வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர்தான் சரி. 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை நாய்க்குச் சாதாரணம். 39.5-ஐத் தாண்டினாலும், 37.5-க்குக் கீழே இறங்கினாலும் உணவு யோசனையை விட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

## இவற்றில் ஒன்று இருந்தாலும் மேலே படிக்காமல் கிளம்புங்கள்

- வயிறு உப்பியிருக்கிறது, ஓங்கரிக்கிறது, ஆனால் எச்சிலைத் தவிர எதுவும் வரவில்லை. பெரிய, நெஞ்சு ஆழமான இனங்களில் இரைப்பை முறுக்கிக்கொள்வதன் அடையாளம் இது. இதில் நிமிடங்கள்தான் கணக்கு. காலைவரை பார்க்கலாம் என்று விட்டால் நாய் மிஞ்சாது.
- ஈறு வெளுத்திருக்கிறது அல்லது நீலம் பாய்ந்திருக்கிறது, நிற்க முடியவில்லை, கூப்பிட்டால் தலை திரும்பவில்லை.
- வாந்தியில் ரத்தம் அல்லது காபித்தூள் போன்ற கறுப்புத் துகள்.
- மலம் முழுக்க ரத்தமாக, ஜாம் போல வருகிறது.
- எலி மருந்து, மனிதர்களின் மாத்திரை, சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்ந்த பொருள் ஆகியவற்றைத் தின்றது தெரியும், அல்லது தின்றிருக்குமோ என்று சந்தேகம். உறையைக் கையோடு எடுத்துப் போங்கள். உப்பைக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்கவைக்காதீர்கள். அந்த உப்பே நாயைக் கொன்றுவிடலாம்.
- தடுப்பூசி முழுதாக முடியாத குட்டிக்கு வாந்தியோ பேதியோ, கூடவே சோர்வு.
- கருத்தடை செய்யாத பெண் நாய், பருவம் முடிந்து சில வாரம் ஆகிறது, இப்போது சோர்ந்து, நிறையத் தண்ணீர் குடித்து, வாந்தி எடுக்கிறது. கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம்.
- இன்சுலின் போடும் நாய் சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறது. டாக்டரிடம் பேசாமல் அடுத்த ஊசியைப் போடாதீர்கள்.

இதில் எதுவும் இல்லை, நாய் வாலாட்டுகிறது, நடக்கிறது என்றால் கீழே தொடரலாம்.

## அறிகுறி: ஒன்றிரண்டு தடவை வாந்தி, மற்றபடி உற்சாகம்

பெரும்பாலும் வேகமாக விழுங்கியது, புல், குப்பையில் பொறுக்கியது, அல்லது நேற்று மாற்றிய புது உணவு. வாந்தியைத் துடைக்கும் முன் ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். அருவருப்பாகத்தான் இருக்கும். ஆனால் பிளாஸ்டிக் துண்டு, துணி நூல், எலும்புச் சில்லு இருப்பது அங்கேதான் தெரியும்.

வளர்ந்த, ஆரோக்கியமான நாய் என்றால் 6 முதல் 8 மணி நேரம் உணவை நிறுத்துங்கள். தண்ணீரை நிறுத்தாதீர்கள், ஆனால் கிண்ணம் நிறைய வைக்காதீர்கள். வாந்தி எடுத்த நாய் தாகத்தில் மடமடவென்று குடிக்கும், குடித்தது அப்படியே திரும்பி வரும், பிறகு இன்னும் தாகம். 10 கிலோ நாய்க்கு அரை மணிக்கு ஒரு முறை இரண்டு மேசைக்கரண்டி போதும். ஐஸ்கட்டி ஒன்றை நக்க விடுவதும் நல்ல வழி.

இரண்டு மணி நேரம் தண்ணீர் உள்ளே நின்றால் நம்பிக்கை. 6 மணி நேரம் வாந்தி இல்லை என்றால் கீழே 'பத்திய உணவு' பகுதியில் சொல்லியிருப்பதுபோல இரண்டு கரண்டி கொடுத்து, இரண்டு மணி நேரம் பாருங்கள். நின்றால் மறுபடி அதே அளவு.

குட்டி, மிகச் சிறிய இனம், சர்க்கரை நோய் உள்ள நாய் ஆகியவற்றுக்கு இந்தப் பட்டினி பொருந்தாது. குட்டியின் உடலில் சேமிப்பு கிடையாது. சில மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை இறங்கித் தள்ளாட ஆரம்பித்துவிடும்.

## அறிகுறி: விடியற்காலையில் மஞ்சள் நுரை

ராத்திரி சீக்கிரம் சாப்பிட்டு, காலைவரை வெறும் வயிறு. ஐந்து ஐந்தரைக்கு எழுந்து ஒரு வாய் மஞ்சளாகக் கக்கிவிட்டு, அடுத்த பத்தாவது நிமிடம் சாப்பாட்டுக்கு வந்து நிற்கிறது. பித்தநீர் காலி இரைப்பைக்குள் ஏறி உறுத்துவதுதான் காரணம். மருந்து கடைசி யோசனைதான். படுக்கப் போகும் முன் கொஞ்சம் உணவு கொடுங்கள். மொத்த அளவைக் கூட்டாமல், இரவு உணவில் கால் பங்கைப் பிரித்து வைத்துக்கொண்டால் போதும். நான் பார்த்த நாய்களில் முக்கால்வாசி இதிலேயே சரியாகிவிட்டன. ஒரு வாரம் இப்படிக் கொடுத்தும் நிற்காவிட்டால், அல்லது பகலிலும் கக்க ஆரம்பித்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

## அறிகுறி: சாப்பிட்ட உடனே, மென்றது மெல்லாதது அப்படியே வெளியே

இது வாந்திதானா என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். வாந்தி என்றால் வயிறு குலுங்கும், நாய் குனிந்து ஓங்கரிக்கும், சத்தம் வரும். தலையைத் தாழ்த்தியதும் எந்த முயற்சியும் இல்லாமல் உணவு குழாய் வடிவில் வழுக்கி விழுந்தால் அது இரைப்பைக்கே போகவில்லை, உணவுக்குழாயிலிருந்து திரும்புகிறது.

எப்போதாவது என்றால் வேகம்தான் காரணம். உணவைத் தட்டில் பரப்பி வையுங்கள், மூன்று பங்காகப் பிரித்து இடைவெளி விட்டுக் கொடுங்கள், பக்கத்தில் இன்னொரு நாய் நின்று மிரட்டுகிறதா பாருங்கள். வாரத்தில் பல தடவை நடந்தால் செல்போனில் ஒரு வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். நீங்கள் பத்து நிமிடம் விவரிப்பதை அந்த அரை நிமிடம் சொல்லிவிடும். கூட இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். திரும்பி வரும் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகும்.

## அறிகுறி: திரும்பத் திரும்ப வாந்தி, தண்ணீர்கூட நிற்கவில்லை

இது வீட்டு வைத்தியத்தின் எல்லைக்கு வெளியே. ஆனால் காரணங்களைத் தெரிந்துகொண்டால் டாக்டரின் கேள்விகளுக்கு உருப்படியாகப் பதில் சொல்லலாம்.

கடந்த இரண்டு மூன்று நாளில் கொழுப்பு மிகுந்த உணவு, எண்ணெய், இறைச்சிக் கொழுப்பு கிடைத்ததா? கூடவே வயிற்று வலியும் அந்த முன்கால் நீட்டிய நிலையும் இருந்தால் கணைய அழற்சியாக இருக்கலாம். இந்த நாய்க்கு நல்லதென்று நினைத்து முட்டை மஞ்சள் கருவோ நெய்யோ கொடுப்பது நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

அடுத்து, வீட்டில் ஏதாவது காணாமல் போயிருக்கிறதா? ஒரு முறை நானே இதில் தவறினேன். தங்க வந்த ஒரு செம்பழுப்பு நாய் மதியத்திலிருந்து வாந்தி. தண்ணீர் கொடுத்தால் இருபது நிமிடத்தில் திரும்பியது. சாயங்காலம்வரை கரண்டி கரண்டியாகத் தண்ணீரோடு போராடிக்கொண்டிருந்தேன். பிறகு கட்டிலுக்கு அடியில் குனிந்தபோது துணிப் பொம்மை கிடந்தது. ஒரு காதும், வயிற்றுக்குள் இருந்த பஞ்சும் இல்லை. எக்ஸ்ரேயில் பொம்மை தெரியவில்லை. துணி அதில் விழாது. ஸ்கேனில்தான் குடல் அடைத்திருப்பது தெரிந்தது, அன்றிரவே அறுவை சிகிச்சை. அது பிழைத்தது. அன்றிலிருந்து என் முதல் வேலை வீட்டைச் சுற்றிப் பார்ப்பது: காலுறை, பந்து, பழக்கொட்டை, மக்காச்சோளக் கதிரின் தக்கை, எலும்பு.

ஆசனவாயில் நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். மறுமுனை எங்கே சிக்கியிருக்கிறது என்று தெரியாது. இழுத்தால் குடலை அறுத்துவிடும்.

கணக்கு எளிது: 24 மணி நேரத்தில் மூன்று தடவைக்கு மேல் வாந்தி, அல்லது ஒரு தடவை கொடுத்த சிறிதளவு தண்ணீரும் திரும்பினால் டாக்டர். வாந்தியோடு மலமும் போகவில்லை என்றால் காத்திருக்கவே வேண்டாம். வயதான நாய் என்றால் சிறுநீரகம், கல்லீரல் பார்க்க ரத்தப் பரிசோதனையும் சேரும்.

## அறிகுறி: தண்ணியாகப் பேதி, ஆனால் விளையாடுகிறது, சாப்பாடு கேட்கிறது

அதிகம் வருவது இதுதான், வீட்டிலேயே சரியாவதும் இதுதான்.

காரணங்கள் வரிசையாக: உணவை ஒரே நாளில் மாற்றியது, பால், மேசையிலிருந்து கிடைத்த துண்டு, புதுத் தின்பண்டம், பயணம், புது ஆள், பட்டாசு போன்ற பதற்றம், நேற்று தொடங்கிய மாத்திரை, பூச்சி, கிருமித் தொற்று. முதல் நான்கையும் கண்டுபிடிக்க ஒரே வழி, வீட்டில் எல்லாரையும் தனித்தனியாகக் கேட்பது. ஒவ்வொருவரும் "நான் கொஞ்சம்தான் கொடுத்தேன்" என்பார்கள். நான்கு பேரின் கொஞ்சத்தைக் கூட்டினால் ஒரு நாள் உணவு வரும்.

வாந்தி இல்லாத பேதிக்குப் பட்டினி தேவையில்லை. குடலின் உட்சுவர் தன்னைச் சரிசெய்துகொள்ள உணவு வேண்டும். கொடுக்கும் அளவும் வகையும்தான் மாற வேண்டும். தண்ணீர் எப்போதும் கிடைக்கட்டும்.

### பத்திய உணவு

தோலும் எலும்பும் இல்லாத கோழி நெஞ்சுக்கறி ஒரு பங்கு, வெள்ளை அரிசிச் சோறு இரண்டு பங்கு. கறியை வெறும் தண்ணீரில் வேகவையுங்கள். உப்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம், மசாலா வேண்டாம், வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது. அவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்த தண்ணீரை ஆறவைத்தால் மேலே கொழுப்புப் படலம் கட்டும். அதை வழித்தெடுத்துவிட்டுக் கீழே இருப்பதில் இரண்டு கரண்டி மட்டும் சோற்றில் விடலாம். சோறு விரலால் நசுக்கினால் மசியும் அளவு குழைந்திருக்கட்டும். கறியை நாராகப் பிய்த்துச் சோற்றோடு பிசைந்துவிடுங்கள். துண்டாகப் போட்டால் நாய் கறியை மட்டும் பொறுக்கிக்கொண்டு சோற்றை விட்டுவிடும். சிவப்பரிசி, தீட்டாத அரிசி இந்த நேரத்துக்கு ஒத்துவராது. நார்ச்சத்து அதிகம்.

கோழி ஒத்துக்கொள்ளாத நாய் என்றால் கொழுப்பில்லாத வேறு இறைச்சி, அல்லது முள் நீக்கிய வெள்ளை மீன், அல்லது வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு. சமைக்க நேரம் இல்லாதவர்கள் டாக்டரிடம் கேட்டு, வயிற்றுக்கென்றே தயாராகி வரும் மருத்துவ உணவை வாங்கலாம். சத்துக் கணக்கில் அதுவே முழுமையானது.

அளவு: முதல் நாள் வழக்கமான உணவில் பாதி. அதை ஐந்தாறு வேளையாகப் பிரியுங்கள். 10 கிலோ நாய்க்கு முதல் வேளை மூன்று மேசைக்கரண்டி. "இதுவா?" என்று கிண்ணத்தையும் உங்களையும் மாறி மாறிப் பார்க்கும். எனக்கு அந்தப் பார்வையைத் தாங்க இன்றும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. தாங்கித்தான் ஆக வேண்டும். இரண்டாம் நாள் வேளைக்கு அளவைக் கொஞ்சம் கூட்டலாம்.

மலம் கெட்டியாகும்வரை இதே உணவு. பெரும்பாலும் இரண்டு மூன்று நாள். இடையில் ஒரு நாள், இரண்டு நாள் மலமே போகாமல் இருக்கலாம். இந்த உணவில் சக்கை குறைவு, அதனால் பயப்பட வேண்டாம். நாய் முக்கி வேதனைப்பட்டால் மட்டும் கவனியுங்கள். ஐந்து நாளுக்கு மேல் சோறும் கோழியும் மட்டும் ஓட்டாதீர்கள். கால்சியமும் வேறு பல சத்துகளும் அதில் கிடையாது, வளரும் குட்டிக்கு இன்னும் மோசம்.

நாய்களுக்கென்று வரும் புரோபயாடிக் பொடி (குடலுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிர்கள் அடங்கியது) சேர்த்தால் சில நாய்களுக்குச் சீக்கிரம் கட்டுகிறது. மனிதர்களுக்கானதை ஊகத்தில் கொடுக்க வேண்டாம்.

டாக்டரிடம் போக வேண்டிய இடம்: 48 மணி நேரத்தில் குறையவில்லை, ஒரே நாளில் ஆறு ஏழு தடவைக்கு மேல், வாந்தி சேர்ந்தது, உற்சாகம் போய்விட்டது. கடைசியாகச் சொன்னது ஒன்று மட்டும் இருந்தாலும் போதும்.

## அறிகுறி: கொஞ்சம் கொஞ்சமாக, சளியோடு, முக்கி முக்கி, கடைசியில் ஒரு சொட்டு ரத்தம்

மேலே சொன்ன பேதியில் அளவு அதிகம், தடவை குறைவு. இதில் தடவை அதிகம், வருவது ஒரு கரண்டி. பெருங்குடலின் எரிச்சல் இது. பார்க்கப் பயமாக இருந்தாலும், நாய் சுறுசுறுப்பாக இருந்து, ரத்தம் மலத்தின் மேலே ஒரு கோடாக மட்டும் வந்தால் பெரும்பாலும் அவசரம் இல்லை. மலச்சிக்கல் என்று தவறாக நினைத்து விளக்கெண்ணெய் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். முக்குவது அடைப்பால் அல்ல, எரிச்சலால்.

இங்கே நார்ச்சத்து உதவும். வேகவைத்து மசித்த பூசணி, உப்பு சர்க்கரை எதுவும் சேர்க்காமல், 10 கிலோ நாய்க்கு வேளைக்கு ஒரு மேசைக்கரண்டி பத்திய உணவில் கலக்கலாம். பதற்றம் காரணம் என்றால் இரண்டு நாளில் அடங்கும். அடங்காவிட்டால் மலப் பரிசோதனை செய்ய வேண்டும். சாட்டைப்புழுவும், ஜியார்டியா என்ற கண்ணுக்குத் தெரியாத குடல் ஒட்டுண்ணியும் இங்கே சந்தேகப் பட்டியலில் முன்னால் நிற்பவை. இரண்டுமே ஒரு நாள் மாதிரியில் தப்பிவிடும், அதனால் டாக்டர் இரண்டு மூன்று நாள் மாதிரி கேட்டால் கொடுங்கள்.

## அறிகுறி: மலத்தின் நிறம் மாறியிருக்கிறது

கறுப்பாக, தார் போல ஒட்டிக்கொண்டு, துர்நாற்றத்துடன்: இரைப்பையிலோ சிறுகுடலின் மேல்பகுதியிலோ கசிந்த ரத்தம் செரித்து வருகிறது. வலி மாத்திரை ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும். அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

வெளிறி, எண்ணெய் மினுமினுப்புடன், அளவு மிக அதிகமாக, நாய் அகோரப் பசியில் தின்றும் மெலிந்துகொண்டே வந்தால்: கணையம் செரிமான நொதியைச் சுரக்கவில்லையோ என்று பார்க்க வேண்டும். ஜெர்மன் ஷெப்பர்டுகளில் அதிகம். ரத்தப் பரிசோதனையில் தெரியும். உணவோடு நொதிப் பொடி கலந்து கொடுத்தால் அந்த நாய்கள் நன்றாகவே வாழ்கின்றன.

வெள்ளை வெள்ளையாக அரிசிமணி போல அசைந்தால் நாடாப்புழு. நூடுல்ஸ் போல நீளமாக இருந்தால் உருண்டைப்புழு. எல்லாப் பூச்சி மாத்திரையும் எல்லாப் பூச்சிக்கும் வேலை செய்யாது, அதனால் பார்த்ததைப் படம் எடுத்துக் காட்டி மருந்து கேளுங்கள். நாடாப்புழு என்றால் தெள்ளுப்பூச்சியையும் ஒழிக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த மாதம் மறுபடி வரும்.

## அறிகுறி: வாந்தி இல்லை, பேதி இல்லை, வயிறு மட்டும் கடமுட என்கிறது, சாப்பிட மறுக்கிறது

ஒரு வேளை விட்டால் விட்டுவிடுங்கள். உணவை இருபது நிமிடம் வைத்து, தொடவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். அடுத்த வேளைக்குப் பத்திய உணவை வெதுவெதுப்பாக்கி ஒரு கரண்டி கையில் நீட்டிப் பாருங்கள். சூட்டில் வாசம் எழும், பல நாய்கள் அதற்கே வாய் திறக்கும். வாயைப் பிளந்து ஊட்டாதீர்கள், சிரிஞ்சில் அடிக்காதீர்கள். குமட்டல் உள்ள நாய்க்கு அந்த உணவின் மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, எச்சில் வடிப்பது, கிண்ணத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாம் குமட்டலின் அடையாளம். அதற்கு நல்ல ஊசி மருந்து டாக்டரிடம் இருக்கிறது. பக்கத்தில் வந்து நின்று, எடுக்கப் போய், வலித்துப் பின்வாங்கினால் வயிறு அல்ல, பல்லையும் வாயையும் பாருங்கள். வளர்ந்த நாய் 24 மணி நேரம் எதுவுமே தொடவில்லை என்றால் போக வேண்டும். குட்டி இரண்டு வேளை விட்டாலே போக வேண்டும்.

## அறிகுறி: குட்டிக்கு வாந்தி, பேதி

குட்டிக்குத் தனித் தலைப்பு வைப்பதற்குக் காரணம் பார்வோ என்ற வைரஸ் நோய். ஆறு வாரம் முதல் ஆறு மாதம்வரை இதற்கு அதிக ஆபத்து. முதலில் சோர்வு, பிறகு வாந்தி, பிறகு ஒரு தடவை முகர்ந்தால் மறக்க முடியாத நாற்றத்தோடு ரத்தபேதி. "ஒரு ஊசி போட்டாச்சே" என்பார்கள். ஒன்று போதாது. 16 வாரமோ அதற்கு மேலோ ஆனபின் போடும் கடைசித் தவணை முடியும்வரை குட்டி பாதுகாப்பு வளையத்துக்குள் வரவில்லை. உடனடிப் பரிசோதனை கிட் சில நிமிடத்தில் விடை சொல்லும். நரம்பு வழியாக நீர் ஏற்றி, சீக்கிரம் தொடங்கினால் பல குட்டிகள் பிழைக்கின்றன. வீட்டில் வைத்துக் கஞ்சி புகட்டிய நாள்களைத்தான் பின்னால் நினைத்து வருந்துகிறோம்.

மற்ற நாய்களிடமிருந்து பிரித்து வையுங்கள். மருத்துவமனைக்குள் நுழையும் முன் போனில் சொல்லிவிட்டுப் போங்கள். தரையை பிளீச் கரைசலால் கழுவுங்கள். சாதாரண சோப்புக்கு அந்த வைரஸ் சாகாது.

குட்டி துள்ளிக்கொண்டிருக்கிறது, மலம் மட்டும் இளகல் என்றால் அதிக உணவு, பால், உருண்டைப்புழு இந்த மூன்றையும் பாருங்கள். பத்திய உணவைச் சிறு சிறு வேளையாக, மூன்று மணிக்கு ஒரு முறை, பட்டினியே இல்லாமல் கொடுங்கள். 24 மணி நேரத்தில் மாறாவிட்டால் டாக்டர்.

## அறிகுறி: சரியாகிவிட்டது என்று நினைத்தோம், மறுபடி கெட்டுவிட்டது

முதல் காரணம் எப்போதும் நாம்தான். மலம் கட்டியதைப் பார்த்த சந்தோஷத்தில் அன்றிரவே கிண்ணம் நிறையப் பழைய உணவு. குடல் இன்னும் ஆறவில்லை. அதற்கு ஒழுங்கு இதுதான்: நல்ல மலம் வந்த பின்னும் ஒரு நாள் முழுக்கப் பத்திய உணவு. அடுத்த நாள் வழக்கமான உணவு கால் பங்கு, பத்தியம் முக்கால். அதற்கடுத்த நாள் பாதிக்குப் பாதி. பிறகு முக்காலும் காலும். ஐந்தாம் நாள் முழுக்கப் பழைய உணவு. எந்த நாளில் இளகினாலும் முந்தைய நாளின் அளவுக்குத் திரும்பி இரண்டு நாள் நில்லுங்கள். முன்னேறுவதற்கு அவசரமே இல்லை.

இரண்டாவது, தின்பண்டம். உணவை அளந்து கொடுத்துவிட்டு, பயிற்சிக்கென்று மெல்லும் குச்சி, பிஸ்கட் தொடர்கிறது. இரண்டு வாரம் அதையும் நிறுத்திப் பாருங்கள்.

மூன்றாவது, பாதியில் நின்ற மருந்து, அல்லது போன தடவை மிச்சம் இருந்த ஆன்டிபயாடிக்கை எடுத்துக் கொடுத்தது. இது குடலின் நல்ல நுண்ணுயிர்களைக் கலைத்து, பேதியை நீட்டிக்கும். மனிதர்களின் பேதி மாத்திரை லோபெரமைடை டாக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். கோலி போன்ற மேய்ப்பு இனங்களில் அது மூளையைத் தாக்கும். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் எந்த நாய்க்கும் உங்கள் யோசனையில் வேண்டாம்.

இந்த மூன்றும் இல்லை என்றால் பூச்சி, ஜியார்டியா, உணவு ஒவ்வாமை என்று போகும். ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க நாய் இதுவரை தின்றிராத ஒரே புரதத்தை வைத்து, வேறு எதுவும் வாயில் படாமல், ஆறு முதல் எட்டு வாரம் ஓட்ட வேண்டும். நடுவில் ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் மறுபடி முதலிலிருந்துதான். அதற்குப் பிறகுதான் ஸ்கேன், எண்டோஸ்கோப்பி போன்ற செலவுகள். வயிறு மாதக்கணக்கில் வந்து வந்து போகிறது, பதற்றமான நாள்களில் நாய் துவண்டுவிடுகிறது என்றால் அட்ரினல் சுரப்பியையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தச் சுரப்பி போதிய ஹார்மோன் சுரக்காத அடிசன் நோய் இப்படித்தான் ஒளிந்திருக்கும்.

மூன்று வாரத்துக்கு மேல் நீடிப்பது, அல்லது எடை குறைவது, இரண்டில் ஒன்று போதும், பத்திய உணவை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போக.

## டாக்டரிடம் போகும்போது

ஒரு தாளில் எழுதுங்கள்: எப்போது தொடங்கியது, வாந்தி எத்தனை, பேதி எத்தனை, கடைசியாகச் சாப்பிட்டது என்ன, எவ்வளவு தண்ணீர், கடைசிச் சிறுநீர் எப்போது, ஓடும் மருந்துகள், கடைசிப் பூச்சி மருந்தின் தேதி, தடுப்பூசிப் புத்தகம். நாயின் எடையை வீட்டிலேயே பார்த்துவிடலாம். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் ஏறி, பிறகு தனியாக ஏறி, இரண்டையும் கழித்தால் வந்துவிடும்.

வாந்திக்கும் மலத்துக்கும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒரு நாணயம் வைத்தால் அளவு புரியும். மல மாதிரியை அன்றைக்கே எடுங்கள். கையுறை போட்டு, மண் ஒட்டாத நடுப்பகுதியிலிருந்து ஒரு கரண்டி, மூடி இறுகும் டப்பாவில். உடனே கொண்டுபோக முடியாவிட்டால் அந்த டப்பாவை இரண்டு உறைக்குள் சுற்றி, தேதியும் நேரமும் எழுதி, சாப்பாட்டுப் பொருள் படாத மூலையாகப் பார்த்து ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரீசரில் வைக்க வேண்டாம். உறைந்தால் பூச்சி முட்டைகள் சிதைந்துவிடும்.